பாதிச் சவரத்தில் எழுந்து போனவர்

எங்கள் தெருவில் பரியாரி காலடி வைத்ததில்லை. முகையூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊராருக்கு முடிவெட்டி, சவரம் செய்து, அறுவடையில் நெல் வாங்கிக்கொண்டு போகிற பரியாரி ஒருவர் இருந்தார். அவர் சேரிக்குள் வந்தால் மறுநாள் ஊரில் அவருக்கு வேலை இருக்காது. அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டோம். மாமன் மச்சானுக்கு, அண்ணன் தம்பிக்கு. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற பெரிய கத்தரிதான் கருவி. கல்யாண மாப்பிள்ளைக்கும் அதே கத்தரி. மாதா கோயிலில் மாப்பிள்ளை முட்டி போட்டால் அவன் பின்மண்டை ஆடு மேய்ந்த கொல்லை மாதிரி இருக்கும். அந்தக் கோயிலிலும் எங்களுக்கு ஓரமாகத் தனி இடம்தான். என் கல்யாணத்தன்றும் என் தலை அப்படித்தான் இருந்தது. என் மனைவி இதைப் பின்னால் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கல்யாணமான கையோடு விழுப்புரம் வந்துவிட்டோம். ரயில் எஞ்சின் கொட்டகையில் எனக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவளுக்கு மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற வேலை. ஸ்டேஷனுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் சவரம் செய்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வண்டி மாறுகிற பயணிகள் அவர்கள் முன்னால் குந்திக்கொண்டு தலையைக் கொடுப்பார்கள். ரயிலடியில் யார் எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கரியெல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, நானும் போய்க் குந்தினேன்.

"எந்த ஊருப்பா?" என்றார் அவர், என் தலையில் தண்ணீர் தெளிக்கப் போன கையோடு.

சொன்னேன்.

"அங்க எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கோபமெல்லாம் படவில்லை. "வேணாம்பா, எழுந்து போ. பாக்கறவங்க பார்த்தா எனுக்குத்தான் பேஜாரு" என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஆள் என் இடத்தில் குந்திவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேப்பைக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுவதை நிறுத்தவில்லை.

"அவன் வெட்டலன்னா போவட்டும். உனுக்குக் கையில்லையா?" என்றாள்.

"நான் எங்க கத்துக்கினேன்?"

"அவன் மட்டும் வயித்துல இருந்தே கத்தியோட வந்தானா?"

அந்த ஒரு பேச்சில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

பழைய இரும்புக் கடையில் மடக்குகிற சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. பிடி உடைந்து, தகடு முழுக்கத் துரு. துருவைத் தேய்த்து எடுத்து, சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டினேன். தீட்டுவது என்றால் அழுத்தித் தேய்ப்பது என்று நினைத்திருந்தேன். அழுத்தினால் கத்தி கோபித்துக்கொள்ளும், விளிம்பு மடிந்துபோகும். கல்லின் மேல் கத்தி தன் எடையிலேயே போய்வர வேண்டும், கை கூடப் போனால் போதும். அப்புறம் தோல்வாரில் முதுகுப் பக்கமாக இழுக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேப்ப மரத்தடியில் எட்ட நின்று வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை பார்ப்பதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை.

யார் முகத்தில் பழகுவது? பாதை ஓரங்களில் சப்பாத்திக்கள்ளி இருந்தது. பூச்சி விழுந்து அழிந்துகொண்டு வந்த காலம், ஆனாலும் ரயில் பாதைச் சரிவுகளில் கொஞ்சம் மீதி இருந்தது. அதன் பழத்தில் பூனைமயிர் போலக் குட்டிக்குட்டியாக முள் இருக்கும். ஒரு பழத்தைக் குச்சியில் குத்தி வைத்துக்கொண்டு, சோப்பு நுரை பூசி, முள்ளை மட்டும் வழித்தெடுக்கப் பார்ப்பேன். தோலில் கத்தி பட்டால் ரத்தம் மாதிரிச் சாறு கொட்டும். முதலில் கையெல்லாம் சிவப்பு, விரலெல்லாம் முள்.

மண்டியிலிருந்து வந்ததும் மனைவி எட்டிப் பார்ப்பாள். "இன்னிக்கு எத்தினி பேரக் கொன்ன?" என்பாள்.

சாறு வராத நாள் ஒன்று வந்தது. பிறகு என் கணுக்காலில் பழகினேன். பிறகு என் முகத்தில். அதன் பிறகுதான் எங்கள் கொட்டகை ஆட்கள். கரி அள்ளுகிறவன் தாடியில் கரித்தூள் ஒட்டியிருக்கும். அதன் மேல் கத்தியை வைத்தால் ஒரே இழுப்பில் கத்தி மழுங்கிவிடும். எஞ்சினிலிருந்து பிடித்த வெந்நீரில் துண்டை முக்கி, பிழிந்து, முகத்தில் போட்டு ஊறவைத்துக் கழுவக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொருவன் கழுத்திலும் மயிர் ஒவ்வொரு திசையில் முளைக்கும். ஒருவனுக்குக் கீழ்நோக்கி, ஒருவனுக்குக் காதைப் பார்த்து. விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். எதிர்த்து இழுத்தால் மறுநாள் கொப்புளம்.

கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் என்னை அழவைத்தது. நான் வைத்த முதல் கிராப்பு ஒரு எஞ்சின் கரிக்காரனுக்கு. பின்தலை முழுக்கப் படிக்கட்டு. அவன் கொஞ்ச நாள் தலையில் துண்டோடு திரிந்தான். "மேல ஏற விளக்கு வேணுமா?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஆனால் அடுத்த முறையும் அவன் என்னிடம்தான் வந்தான். வேறு எங்கே போவான்? அவனும் எங்கள் ஜனம்தான். அவன் தலையிலேயே நான் சுழியைப் பார்க்கக் கற்றேன். உச்சிச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் வகிடு உட்காரும். அதை விட்டுவிட்டு ஆசைக்கு எடுத்த வகிடு எண்ணெய் காய்ந்ததும் எழுந்து நிற்கும். சீப்பு முன்னால் போக வேண்டும், கத்தரிக்கோல் பின்னால் வர வேண்டும். சத்தம் சீராக இருந்தால் வெட்டும் சீராக இருக்கும். நாள் முழுக்க நின்றால் கால் கடுக்கும், அதற்கும் ஒரு நிற்கிற விதம் உண்டு.

யுத்தம் வந்தது. பட்டாளத்து வண்டிகள் போய்வந்ததில் கரி வேலை இரட்டிப்பானது. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. துப்பினால் கறுப்பு.

"கரியத் துன்னுகினே சாவப் போறியா?" என்றாள் மனைவி. "திண்டிவனத்துல எங்கண்ணன் கீறான். அங்கப் போயி ஒரு கடையப் போடு."

"நான் கடை போட்டா எவன் வருவான்?"

"முடி வளர்றவன் வருவான்."

திண்டிவனம் சந்தைக்குப் பக்கத்தில் மல்லாட்டை வியாபாரி சாகிப் ஒருவர், தன் கிடங்கை ஒட்டிய சின்ன அறையை வாடகைக்குக் கொடுத்தார். "நம்மகிட்ட ஜாதி கீதி இல்ல பாய். வாடக ஜல்தியா வந்தா போதும்" என்றார். தச்சனைப் பிடித்துத் தலை சாய்க்கிற பலகையோடு ஒரு நாற்காலி செய்தோம். மனைவி தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அது ஒரு பெரிய கண்ணாடியாகச் சுவரில் ஏறியது. வாசலில் 'சலூன்' என்று ஒரு பலகை. அவ்வளவுதான்.

நான் யார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. கடைத்தெருக் குமாஸ்தாக்கள் வந்தார்கள், வண்டிக்காரர்கள் வந்தார்கள், குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட வாலிபர்கள் வந்தார்கள். எங்கள் ஜனமும் வந்தார்கள். அவர்கள் முதலில் வாசலில் நிற்பார்கள், துண்டு கக்கத்தில் இருக்கும்.

"உள்ள வாங்க. பெஞ்சில உக்காருங்க" என்பேன்.

"நாங்க நின்னுகினே இருக்கறோம்."

"நின்னுகினு இருந்தா உங்க முறை வராது."

மெதுவாக வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்வார்கள். ஏரி வேலைக்குப் போகிற பெரியவர் ஒருவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்த பிறகு, "தொறங்க" என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கப்பன் மாதிரியே கீறேன்" என்றார்.

அப்புறம் ஒரு சந்தை நாள் வந்தது.

பெருமுக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற வழியில் எங்கள் கடை வாசலில் வில்வண்டியை நிறுத்தினார். அங்கவஸ்திரம், வாயில் வெற்றிலை. கண்ணாடியையும் நாற்காலியையும் பார்த்துத் திருப்தியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நல்லா வழவழன்னு இருக்கணும். சம்பந்தி வீட்டுக்குப் போறேன்."

"ஆவட்டுங்க" என்றேன்.

பெஞ்சில் மண்டிக் கூலி ஆள் ஒருவர் காத்திருந்தார். என் மனைவி மூலையில் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். பண்ணைக்காரரின் வலது கன்னத்தை முடித்தேன். நல்ல முகம், கத்திக்கு இடம் கொடுக்கிற முகம். கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். தாடையை நிமிர்த்திக் கழுத்துக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு மண்டித் தரகன் வாசலில் எட்டிப் பார்த்தான்.

"ஐயா, இங்கயா உக்காந்துகினீங்க? இவன் யாருன்னு தெரியுமா?"

பண்ணைக்காரர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "யாருடா நீ? எந்தத் தெரு?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது ஆள் பேசினால் தொண்டை அசையும். கத்தியை உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். துண்டில் துடைத்தேன். பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வேறு பத்து ஜாதிப் பெயர் எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் மனைவி துண்டு பிழிவதை நிறுத்தியது காதில் விழுந்தது.

"சேரிங்க" என்றேன். "முகையூர்ப் பக்கம். இன்னும் இடது கன்னம் இருக்குது, அசையாம உக்காருங்க."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "தொட்டுட்டியேடா!" என்று கத்தினார். ஒரு பக்கம் பளபள என்று இருந்தது, மறுபக்கம் நுரையும் தாடியும். அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு தெருவில் இறங்கினார். சந்தையே திரும்பிப் பார்த்தது.

நேராக மேலண்டைத் தெரு சவரக்கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் பரம்பரைப் பரியாரி, டவுனில் பெயர் பெற்றவர். நான் வந்ததிலிருந்து என் பக்கம் முகம் கொடுத்தவர் இல்லை. பண்ணைக்காரர் துணியை விலக்கிக் காட்டியதும், "அடுத்தவன் ஆரம்பிச்ச முகத்த நான் தொடறதில்லீங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அப்படி ஒரு வழக்கம் தொழிலில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தக் காலத்தில் பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தாங்களே சவரம் செய்துகொள்ளத் தெரியாது. பெண் வீட்டிலோ காத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய வண்டிக்காரன் என் கடைக்கு வந்தான். குரலைத் தாழ்த்தினான். "சத்திரத்துப் பின்கட்டுல ஐயா உக்காந்துகினு கீறார். யாருக்கும் தெரியாம வந்து மிச்சத்த முடிச்சிட்டுப் போவியாம்."

நான் அப்போது மண்டிக் கூலி ஆளை நாற்காலியில் உட்காரவைத்து நுரை போட்டுக்கொண்டிருந்தேன்.

"மிச்சம் இங்கதான்" என்றேன். "இந்த நாற்காலியில. இவுரு முடிஞ்சதும் அவுரு முறை. வரச் சொல்லு."

"ஏன்யா வம்பு? தொட்டது தொட்டாச்சி. மறைவா முடிச்சிட்டா யாருக்கு நஷ்டம்?"

மூலையிலிருந்து மனைவி பேசினாள். "தொட்டா தீட்டுன்னு சந்தைக்கே கேக்கற மாதிரி கத்துனாரு இல்ல? பின்கட்டுல தொட்டா தீட்டு ஒட்டாதா? போய்க் கேட்டுகினு வா."

நாற்காலியில் இருந்தவர் நுரையோடு சிரித்துவிட்டார். வாசலில் கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு ஆகாது என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் அடக்கச் சொல்லவில்லை. நானும்தான் சிரித்தேன்.

பெண் வீட்டுக்குப் போகாமலே வில்வண்டி பெருமுக்கல் பாதையில் திரும்பிப் போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஏழெட்டுப் பேர் தடியோடு வந்தார்கள். கண்ணாடியை ஒரே போடில் நொறுக்கினார்கள். நாற்காலியின் கையை முறித்தார்கள். சாணைக்கல்லைத் தெருவில் வீசினார்கள். எனக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது. கத்தியும் கத்தரிக்கோலும் மனைவியின் மடியில் இருந்தன, அதனால் தப்பின. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலிலேயே வைத்து விசாரித்து, "பெரிய இடத்துல ஏன்டா மோதற?" என்று திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் கண்ணாடிச் சில்லுகளை அவள் கூட்டி அள்ளினாள். "ஊருக்குப் போயிடலாமா?" என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன்.

"நாற்காலிய வெளிய தூக்கு" என்றாள். "உள்ள உக்காந்தாதானே உடைப்பானுங்க? தெருவுல எல்லாரும் பாக்கட்டும்."

கை முறிந்த நாற்காலியைத் தெருவில் போட்டேன். பக்கத்தில் வெந்நீர்ச் சட்டி, தோல்வார், கிண்ணி. போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. நேற்று பெஞ்சில் இருந்தவர்கள்கூட எதிர்ப் பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் முதுகு ஒன்றுதான். வெயில் ஏறியது. கத்தியைத் தீட்டிக்கொண்டே நின்றேன். தீட்டத் தேவையில்லாத கத்தி.

அப்போது மேலண்டைத் தெருவிலிருந்து அந்தப் பரியாரி வந்தார். வெள்ளை வேட்டி, மீசை, மேல்துண்டு. நேராக வந்து, துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். தெரு நின்றுவிட்டது.

"சவரம்" என்றார்.

தீட்டின கத்தியைக் கீழே வைத்தேன். "அண்ணே, நீங்க..."

"உனுக்காக வரல. நீ எங்க தொழில எடுத்துகினவன். அந்தக் கோவம் எனுக்கு இன்னும் கீது." தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசினார். "ஆனா கண்ணாடிய உடைச்சானுங்க பாரு, அத்த என்னால பொறுத்துக்க முடியல. இன்னிக்கு உன் கண்ணாடி, நாளைக்கு என்னுது. எங்கப்பன் அந்தப் பண்ணை வீட்டுல கொல்லைப்புறமா போயி, குந்திகினு சவரம் பண்ணவரு. கூலி கேட்டதுக்கு ஒருநாள் கிண்ணிய எட்டி ஒதைச்சாங்க. ம், நுரையப் போடு."

தொழில் தெரிந்தவன் முகத்தில் கத்தி வைப்பது போலக் கஷ்டம் வேறு இல்லை. அவர் கண்ணை மூடவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் எல்லாவற்றையும் விரல்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர் தாடையில் ஒரு பழைய தழும்பு, அதைச் சுற்றிப் போனேன். மேல் உதட்டில் மீசையோரம் கத்தி முனையால் மட்டும் இறங்கினேன். முடிந்ததும் படிகாரம் தடவினேன். அவர் கையால் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தார். காதடியில் நிறுத்தினார்.

"இங்க ஒரு மயிர் நிக்குது" என்றார்.

எடுத்தேன்.

அவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகும் எங்களுக்குள் பெரிய பேச்சு வார்த்தை கிடையாது. அவர் கடையில் எங்கள் ஜனத்துக்கு உடனே வழி திறந்துவிடவும் இல்லை. ஆனால் அன்று அவர் போனதும், எதிர்ப் பக்கம் நின்ற வண்டிக்காரர் ஒருவர் தெருவைக் கடந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பொழுது சாயும்வரை நான் உட்காரவில்லை.

சாகிப் மட்டும் மாதம் முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொன்னார். "நீ நல்லவன்தான் பாய். மல்லாட்டை பெருமுக்கல் பக்கத்துல இருந்துதான் வரணும். வண்டிய நிறுத்திட்டா நான் இன்னா பண்றது?" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், அதுவரைக்கும் சரி. பொருளை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் புறம்போக்கில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டோம். முன்னைவிடப் பெரிய இடம். கேட் மூடினால் வண்டிகள் நிற்கும், நிற்கிறவர்கள் இறங்கி வந்து முடிவெட்டிக்கொள்வார்கள். தச்சன் நாற்காலிக்குப் புதுக் கை போட்டுக் கொடுத்தான்.

கொட்டகையில் ஒரு பக்கம் சாக்குப் படுதா தொங்கவிட்டு மனைவி தனக்கென்று இடம் பிடித்தாள். மண்டியில் மல்லாட்டை உடைக்கிற பெண்களுக்குத் தலை முழுக்கத் தூசியும் தோலும் சிக்கும் பேனும். அவள் சிக்கெடுத்தாள், பேன் வாரினாள், நுனி வெட்டினாள், பிள்ளைகளுக்குக் கிராப்பு வைத்தாள். ஓரக்கண்ணால் இத்தனை வருஷம் என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். குழந்தைத் தலையில் அவள் கை என் கையைவிட இலேசு. குழந்தை எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். எனக்கு அது வரவே இல்லை.

மாதா கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஒருநாள் படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார்: "பொம்பள கத்தரிக்கோல் எடுத்து முடிவெட்டறது நல்லா இல்லப்பா. நாலு பேர் பேசறாங்க."

நான் வாயைத் திறக்குமுன் படுதா விலகியது.

"நாத்து நடலாம், களை எடுக்கலாம், மல்லாட்டை உடைச்சி நகம் பேத்துக்கலாம். கத்தரிக்கோல் மட்டும் கையச் சுடுமா?" என்றாள். "அந்த நாலு பேரயும் வரச் சொல்லுங்க. தலையப் பாத்துட்டுச் சொல்றேன்."

உபதேசியார் போய்விட்டார். அவர் வீட்டுக்கார அம்மா அடுத்த வாரம் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து படுதாவுக்குள் உட்கார்ந்தார்கள்.

சுதந்திரம் வந்த வருஷமும் நாங்கள் அந்தக் கொட்டகையில்தான் இருந்தோம். கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் விடியலிலேயே வந்து வரிசையாக நின்றார்கள். அதில் கதர் ஜிப்பா போட்ட ஒருவர் மெல்ல என் காதருகில் வந்தார். பேச்சில் மரியாதையாகத்தான் இருந்தார்.

"நான் ஒண்ணும் வித்தியாசம் பாக்கறவன் இல்ல. ஆனா நாலு விதமான ஆளுங்க வர்ற இடம். இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டா எல்லாருக்கும் சவுகரியமா இருக்குமே. எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு."

நாற்காலியில் அப்போது ஒரு மாட்டுத்தரகர் இருந்தார், அவருக்கு அடுத்து ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், அவருக்கு அடுத்து எங்கள் ஜனத்தில் ஒருவர், அதற்கு அப்புறம்தான் இவர். நான் கத்தியைத் தோல்வாரில் இழுத்துக்கொண்டே சொன்னேன்.

"இருக்கறது ஒண்ணுதாங்க. வேணாம்னா நின்னுகினு வெட்டிக்கங்க. எனுக்கு ரெண்டும் பழக்கம்."

அவர் வரிசையிலேயே நின்று, தன் முறை வந்ததும் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கச் சுழி. வகிடு நன்றாக அமைந்தது.